சிவப்புத் தொட்டியில் போட்ட ஓட்டு

வடக்குப்பட்டு,
ஆடி இரண்டாம் வெள்ளி.

மதிப்பிற்குரிய கிளைச் செயலாளரும், என் தங்கை ஜெயலட்சுமியின் கணவருமான மாப்பிள்ளை டில்லிபாபு அவர்களுக்கு, மச்சான் தணிகாசலம் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் ராஜம்மாவும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நடுவில் நாலே வீடு என்பதால் உங்கள் இருமல்கூட எனக்குக் கேட்கிறது. இன்று காலை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாலு வீடு தள்ளியிருக்கிறவனுக்கு எதற்குத் தபால் என்று நீங்கள் கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் நாற்காலி போடுவீர்கள், ஜெயா காபி கொண்டுவருவாள், அந்தக் காபியைக் குடித்துக்கொண்டு இந்த விஷயத்தைச் சொல்ல என்னால் முடியாது. ஏழு வாரத்தில் ஆறு முறை வந்து ஆறு காபி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். போனில் சொல்லலாமென்றால் நீங்கள் 'சொல்லு மச்சான்' என்றதுமே போனை ஜெயாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன். வாட்ஸ்அப்பில் அனுப்ப எனக்குப் பயம், என் மூலத்துக்கு டாக்டர் எழுதிய சீட்டு குடும்பக் குழுவில் விழுந்து, பெங்களூர்ச் சம்பந்தி வரைக்கும் விசாரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தபால் என்றால் ஊரெல்லாம் சுற்றி வர மூன்று நாளாவது ஆகும், அந்த மூன்று நாளும் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வாக்குச்சாவடியில் விழுந்த அந்த ஒரே ஒரு நோட்டா ஓட்டு, உங்கள் மகள் நிலா போட்டதல்ல. நான் போட்டது.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் நாங்கள் காத்திருக்க, நீங்கள் வேர்வையில் சட்டை நனைந்துபோய் ஒரு தாளோடு வந்தீர்கள். உங்கள் கட்சி இருநூற்றுப் பதினொன்று, எதிர்க்கட்சி இருநூற்றுப் பன்னிரண்டு, புதுக்கட்சி தொண்ணூறு, சுயேச்சை ஒன்று, நோட்டா ஒன்று. (கட்சிகளின் பெயரை நான் எழுதவில்லை, தபால்காரர் எந்தக் கட்சியோ.) "ஒரு ஓட்டு மச்சான். ஒரே ஒரு ஓட்டுல என் சொந்த பூத்துலயே மானம் போச்சு. இந்த நோட்டா மட்டும் நம்ம பக்கம் வுழுந்திருந்தா சமமாச்சும் ஆயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கி நிலாவைப் பார்த்தீர்கள். மார்ச் மாதத்தில் அந்தப் பெண் 'எனக்கு இவங்க யாரையுமே புடிக்கலப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தது, அது போதுமாயிருந்தது உங்களுக்கு. "என் வூட்டு சோத்த துன்னுகினு எனக்கே குழி தோண்டிக்கீறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா" என்றீர்கள். அவள் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். மறுநாள் காலை கம்பெனி பஸ் ஏறிக் குன்றத்தூரில் சிநேகிதி மெர்சியோடு தங்கியிருக்கும் அறைக்குப் போனவள்தான், ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆகியும் வரவில்லை. ஜெயா ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கென்று மீன் வறுத்து எடுத்துவைத்துவிட்டு, திங்கட்கிழமை அதை என் வீட்டுக்கு அனுப்புகிறாள். அந்த மீனையும் நான்தான் தின்கிறேன் மாப்பிள்ளை. அவளைத் திட்டியபோது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தவனும் நான்தான். வடையைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். முப்பத்தோரு வருஷமாக எனக்கு ஒரே வேலை, அது உங்களுக்குத் தெரியும். ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் பிரேக் சாமான் செய்து முடித்து, வண்டியில் ஏற்றுமுன் கடைசியாகப் பார்க்கிறவன் நான். சரியாயிருந்தால் பச்சை ஸ்டிக்கர். கீறலோ சந்தேகமோ இருந்தால் யோசிக்கவே கூடாது, காலடியில் இருக்கும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். 'டவுட்டு இருந்தா தொட்டி' என்று சூப்பர்வைசர் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். இந்தத் தேர்தலில் யாருக்குப் போடுவது என்று புரியாமல், அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில், மூன்று கட்சிக்கும் ஒரு செக் ஷீட் போட்டுவிட்டேன். உங்கள் கட்சி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை என்றது. ஆனால் கம்பெனிகளுக்கு ஒப்பந்த ஆள் பிடித்துக் கொடுப்பதே உங்கள் வேட்பாளரின் மைத்துனர்தான். சந்தேகம். எதிர்க்கட்சி, ஏரியைத் தூர்வாருவோம் என்றது. அதைச் சொல்லக் கூட்டம் போட்டதே ஏரியைத் தூர்த்த இடத்தில். சந்தேகம். புதுக்கட்சிப் பையன்கள் நல்ல பையன்கள், கைகூப்பிக்கொண்டு வந்தார்கள். "ஜெயிச்சா இன்னாப்பா செய்வீங்க" என்று கேட்டேன். "ஜெயிச்சிட்டு வந்து சொல்றோம் அங்கிள்" என்றார்கள். அதுவும் சந்தேகம். மூன்று வாரம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். லைனில் நிற்கும்போதும் அதே நினைப்பு, நல்ல சாமான் இரண்டைத் தொட்டியில் போட்டு மெமோ வாங்கினேன். ராஜம்மாவைக் கேட்டால், "அவரு நம்ம ஜெயா வூட்டுக்காரரு, அவருக்குப் போடாம வேற யாருக்குப் போடுவ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

ஓட்டுப்போடும் நாள் காலை ஏழு மணிக்கே பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். "வா மச்சான், மொத ஓட்டு நம்மளுது" என்று நீங்கள் அவசரப்படுத்தியதில் மூக்குக்கண்ணாடியை டிவி மேலேயே விட்டுவிட்டு ஏறிவிட்டேன். வழியில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தீர்கள், கெட்டிச் சட்னி வேண்டுமென்று கேட்டு வாங்கினீர்கள். அந்த இட்லி வயிற்றில் இருக்கும்போதே நான் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். உங்கள் சின்னம் மங்கலாகத் தெரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், விரல் அதன் பக்கம்தான் போனது. சந்தேகம் இருந்தால் தொட்டி என்று ஒரு குரல் கேட்டது. கடைசிப் பட்டன்தான் நோட்டா என்று கேட்டுவைத்திருந்தேன், கீழிருந்து தடவி அமுக்கிவிட்டேன். பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது. போட்ட ஓட்டு கண்ணாடிக்குள் சீட்டாக ஏழு நொடி தெரியும் என்று சொல்லியிருந்தார்கள், அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தேன். "இன்னா மச்சான், போட்டாச்சா" என்று தோளில் கை போட்டீர்கள். "ஆச்சு மாப்ள" என்றேன்.

அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். மாவட்டத்தில் உங்களைக் கூப்பிட்டு, சொந்த பூத்தையே பிடிக்கத் தெரியாதவனுக்குப் பதவி எதற்கு என்று கேட்டார்கள் என்றதும் சொல்லியிருக்கலாம். ஒரகடத்தில் மெஸ் நடத்தும் அந்தத் தலையணைச் சின்னத்து சுயேச்சை, திருநெல்வேலிக்காரர் ஆறுமுகநயினார், "இந்த ஊர்ல எனக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கு வே, அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் மீன்கொழம்பு இலவசம்" என்று தெருத்தெருவாகத் தேடி வந்தபோது நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் சிரித்து நாளாயிற்றே என்று விட்டுவிட்டேன். என் கோழைத்தனத்துக்கு அந்தக் குழந்தை வீடு வராமல் கிடக்கிறது. தாய்மாமன் என்று அவளுக்குக் காது குத்த மடியில் வைத்துக்கொண்டவன் நான், அவள் மேல் விழுந்த பழியைத் துடைக்கக்கூட வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் வெட்கமாயிருக்கிறது மாப்பிள்ளை.

ஆகவே அடுத்த ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்குள் நீங்களே குன்றத்தூர் போய், அவள்மேல் தப்பில்லை என்று சொல்லி அழைத்துவரவும். என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருஷத்துக்கு எனக்குக் காபி தரவேண்டாம் என்று ஜெயாவிடம் சொல்லிவிடவும். உங்கள் இருமல் சீக்கிரம் நிற்கவும், பதவி உங்களிடமே நிலைக்கவும் அம்மனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். ராஜம்மா உங்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், காலையில்தான் உங்கள் வீட்டில் இருந்துவிட்டு வந்தாலும்.

என்றும் தலைகுனிந்த,
தணிகாசலம்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, "மொதல்ல அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பு கேளு" என்று ராஜம்மா சொன்னதால் நிலாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "இன்னா மாமா சொல்றீங்க, அந்த நோட்டா நான்தான் போட்டேன். சீட்ட ஏழு செகண்டும் நின்னு பார்த்துட்டுதான் வந்தேன்" என்றாள். அப்படியானால் அப்பா திட்டும்போது ஏன் சும்மா இருந்தாய் என்றேன். "நான் போடலன்னு எப்ப சொன்னேன்? ஏன் போட்டன்னு அவரும் கேக்கல. சோறு போட்டததான் சொல்லிக் காட்னாரு" என்றாள். பிறகு, "ஆமா, அப்ப உங்க ஓட்டு எங்க மாமா போச்சு" என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அன்று நீங்கள் என் கையில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். நோட்டாவுக்கு நேர் மேலே, தலையணை, ஆறுமுகநயினார், ஒன்று. முப்பத்தோரு வருஷம் கடைசியாகப் பார்த்து அனுப்பும் வேலை செய்கிறவன், சொந்த ஓட்டைப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன். எனவே மேலே நான் குற்றத்தை ஒப்புக்கொண்ட இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். மீன்குழம்புக்கு நான் போகப்போவதில்லை. குன்றத்தூர் போகச் சொன்னதை மட்டும் அடிக்கவேண்டாம். கூழ் ஊற்ற வருகிறேன் என்று நிலா சொல்லியிருக்கிறாள், ஆனால் நீங்கள் அவளிடம் ஏன் போட்டாய் என்று கேட்கவேண்டுமாம், கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் இருக்கவேண்டுமாம்.