ஏட்டு லத்தியைக் கொடுக்கவில்லை

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரித்துக் கறிவேப்பிலை விற்றவன் நான். இன்று அதே மார்க்கெட்டில் மளிகைக் கடை, பக்கத்திலேயே மெஸ், ஜனக்புரியில் சொந்த வீடு. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இந்தி தெரியாமல் வந்து இறங்கியவன். "ஊருக்கே ஓடிடு" என்று விரட்டினார்கள். ஓடவில்லை. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, இத்தனையும் என் உழைப்பு. ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய சாதனை, ஏட்டுவைக் கடை வாசலில் காவலுக்கு வைத்துக்கொண்டு வியாபாரமும் நடத்தியது. அவனைப் போல் யாருக்கும் பயப்படாத ஆள் இந்தத் தலைநகரில் இன்னொருவன் கிடையாது.

ஏட்டுக்கும் போலீசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன். காவலுக்கு எடுத்து நீலச் சட்டை கொடுத்தேன். மறுநாள் காக்கியில் வந்து நின்றான், கையில் லத்தி.

"நீலம் போட்டா லிஃப்ட் ஓட்டுறவன் மாதிரி இருக்குது அண்ணே."

அன்றிலிருந்து எல்லோருக்கும் அவன் ஏட்டு. முருங்கைக்காய் வாங்க வந்த ஆபீசர்களுக்கெல்லாம் விசாரணைதான். ஒரு பெரிய அதிகாரி அப்பளக் கட்டை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒடைஞ்சா நீதான் சாட்சி, நீதான் குத்தவாளி" என்றான். மனிதர் பயந்துபோய் வாங்கிவிட்டார்.

இத்தனை வருஷ டெல்லி வாசத்தில் அவன் வாயில் ஒரு இந்தி வார்த்தை நுழைந்ததில்லை. ஆட்டோவில் ஏறினால், "நேரா போடா, பீச்சாங்கைப் பக்கம் திரும்புடா" என்று அதட்டுவான். ஹரியானாக்கார டிரைவர் சரியாக இடது பக்கம் திரும்புவான்! "கத்திச் சொன்னா எல்லாருக்கும் புரியும் அண்ணே" என்பான் ஏட்டு.

இந்த நிலைமையில்தான் சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். டெல்லியில் நடக்கிற போலீஸ் படம். அழுக்குச் சந்து, துரத்தல், ரத்தம், கொடூரமான மேலதிகாரி. சாப்பாடு என் மெஸ்ஸிலிருந்து. ஒரு காலி கோடவுனைப் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றியிருந்தார்கள். கூட்டத்தை விலக்க ஏட்டுவை அனுப்பினேன். அவன் போட்ட அதட்டலில் கூட்டத்தோடு கதாநாயகனும் ஒதுங்கிவிட்டார். டைரக்டர் அசந்துபோய் அவனையே கான்ஸ்டபிளாக நிறுத்தினார்.

காட்சி இதுதான். குடிசையிலிருந்து இழுத்து வந்த தமிழ்க் கூலியாளை மேலதிகாரி அடிக்க வேண்டும். ஏட்டு லத்தியை எடுத்துக் கொடுக்க வேண்டும். வசனம் கிடையாது.

கேமரா ஓடியது. மேலதிகாரி கையை நீட்டினார். ஏட்டு லத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"குடுய்யா!"

"முடியாது சார். கட்டடம் கட்டவும் இவன்தான் வேணும், கள்ளன்னு புடிக்கவும் இவன்தான் வேணுமா?"

டைரக்டர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

படம் வந்தது. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தியேட்டருக்குப் போனோம். லத்தியைக் கொடுக்க மறுத்த கதையை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த ஏட்டு, இஸ்திரி போட்ட காக்கியில். காட்சி வந்தது. மேலதிகாரி கையை நீட்டினார். அடுத்த நொடி லத்தி அவர் கையில்! அடி விழுந்தது. நடுவில் இருந்ததை வெட்டிவிட்டார்கள். பார்த்தவன் எவனுக்கும் ஏட்டுதான் கொடுத்ததாகத் தோன்றும்.

"குடுத்துட்டியே ஏட்டு!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினான் கொத்தனார் மேஸ்திரி. "வெளில சொன்னது ஒண்ணு, உள்ள பண்ணது ஒண்ணா?"

மறுநாள் ஏட்டு நீலச் சட்டையில் வந்தான். யாரையும் விசாரிக்கவில்லை. ஒருவர் அப்பளக் கட்டை உடைத்தே விட்டார். அதற்கும் சும்மா இருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. படக் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன். "தம்பி, என் பொங்கலத் தின்ன வாயால பதில் சொல்லு. அந்தக் காட்சி எங்க?"

"படம் நீளமாயிடுச்சு ஐயா..."

"அடிச்சதுக்கு எடம் இருக்குது, தடுத்ததுக்கு எடம் இல்லியா?"

தினமும் கேட்டேன். அவன் நம்பரை மாற்றினான்; புது நம்பரையும் பிடித்தேன். கடைசியில் அழாத குறையாக, "ஐயா, டைரக்டர்கிட்ட பேசிட்டேன். ஓ.டி.டி.ல முழுசா வருது. போன வைங்க" என்றான்.

ஞாயிறு மத்தியானம் மெஸ்ஸில் பெரிய டி.வி.யை மாட்டி எல்லோரையும் உட்கார வைத்தேன். ஏட்டு வாசற்படி தாண்டி வரவில்லை. டெல்லியிலேயே பிறந்த என் மருமகள் படத்தைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆரம்பமே இந்தியில் பேசினார்கள். தியேட்டரில் தமிழில் பேசியவர்கள்தான்; டெல்லிக் கதைதானே, முழுப் படம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலதிகாரி கையை நீட்டினார். ஏட்டு லத்தியை மறைத்தான். வாயைத் திறந்தான். சுத்தமான இந்தி கொட்டியது!

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ஏட்டு உள்ளே பாய்ந்து வந்தான். "எவன்டா அது, என் வாயில பூந்தவன்?"

மருமகள் ஓடிவந்தாள். "சாரி அங்கிள், எங்கம்மா வீட்ல எல்லா படமும் ஹிந்தியிலதான் போடுவோம். ஜல்தி மாத்திடறேன்."

மாற்றினாள். இப்போது அவனுடைய சொந்தக் குரல், சொந்த வசனம். மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தான்: "திரும்பப் போடும்மா." திரும்பத் திரும்பப் போட்டோம். ஏட்டு நின்றபடியே பார்த்தான். மீசை மட்டும் துடித்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. லைட் பிடித்தவர், தலை வாரியவர், வண்டி ஓட்டியவர் எல்லாம் உண்டு. ஏட்டு இல்லை. நானும் இல்லை.

படக்காரர்களே, உங்கள் படத்தில் முதுகெலும்பு உள்ள காட்சி அது ஒன்றுதான். அதைச் செய்தவன் அவன். வெட்டிப் போட்டதை வீடுவரை இழுத்து வந்தவன் நான். இரண்டு பேரையும் போட்டாக வேண்டும், விடமாட்டேன். இடம் இல்லை என்று மறுபடி சொல்வீர்களானால் ஒரே வரியில் போடுங்கள். அவன் பெயர் முன்னால் இருக்கட்டும். அவன் பக்கத்தில் நிற்பது எனக்குப் பெருமைதான்.