இருநூற்றுப் பதினேழாவது போல்ட்

எழுந்து நின்று வணங்குவோம், வாசகரே! இரும்பை இரும்போடு மணமுடித்து வைத்தவனை, அவன் முறுக்கிய நட்டை அவனே நினைத்தாலும் கழற்ற முடியாத வன்கரத்தோனை, வெள்ளம் சீறிய ஆறுகளின் மேல் பொழுது சாய்வதற்குள் பாலம் விரித்தவனை, ராணுவப் பொறியாளர் படையின் சார்ஜென்ட்டை, படையினர் அன்பும் அச்சமும் சரிபாதியாகக் கலந்து ‘ஸ்பேனர்’ என்று அழைத்த அந்த ஒருவனை வணங்குவோம்! இருபத்திரண்டு ஆண்டுகளில் அவன் கட்டிய பாலம் எதிலும் ஒரு போல்ட் குறைந்ததில்லை. ஒரு போல்ட் மிஞ்சியதும் இல்லை.

அந்தப் பெருமைக்குத்தான் அன்று பிற்பகல் மூன்று பத்துக்குக் கட்டைவிரல் பருமனில் ஒரு கேடு வந்தது.

களத்தைச் சொல்வோம். ஒரு காலத்தில் குதிரைப்படைகளை மறித்த அகழி, இன்று தவளைப்படை முகாமிட்டிருக்கும் பள்ளம். அக்கரையில் பாதி விழுந்த கோட்டைச் சுவர். ஊரார் கூடிப் புதர் வெட்டி, பெஞ்சு போட்டு, பலகை நட்டு, அதை வரலாற்றுப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். எல்லாம் தயார், வரலாற்றுக்குப் போய்ச் சேரத்தான் வழியில்லை. குழுத் தலைவியான ஓய்வு பெற்ற வரலாற்று டீச்சர் ராணுவத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினார். பன்னிரண்டாவதை நினைத்து நடுங்கிய ராணுவம், ஒரு லாரி இரும்பையும் எட்டு வீரர்களையும் ஓர் இளம் கேப்டனையும் ஸ்பேனரையும் அனுப்பி வைத்தது.

பாலத்துக்குத் துளைகள் இருநூற்றுப் பதினாறு. பெட்டியில் வந்த போல்ட்டுகளும் இருநூற்றுப் பதினாறு. வில்லேந்திய வீரன் அம்பு தொடுப்பதுபோல் ஒவ்வொன்றாய்த் தொடுத்து, கடைசி நட்டைக் கடைசிச் சுற்றுச் சுற்றி, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, நெற்றி வியர்வையை வழித்தெறிந்து நிமிர்ந்தான் ஸ்பேனர். பாலத்தின் தலைப்பில், புல்லுக்கு நடுவே, தலையில் நட்டு மகுடம் சூடிய சிற்றரசன்போல் ஒன்று கிடந்தது.

இன்னொரு போல்ட்.

அதே பருமன். அதே நீளம். அதே திமிர்.

ஐயோ, அது சாதாரண இரும்பா? ஸ்பேனரின் விடுப்புச் சீட்டு கேப்டனின் சட்டைப் பையில் இருந்தது. ஆறு மணிக்குக் கடைசிப் பேருந்து. மறுநாள் காலை மகளின் பள்ளி நாடகம். அந்த ஏழு வயதுச் செல்லம் அதில் மரமாக நிற்கிறாள். போன வருடம் அவள் மேகமாக மிதந்தபோதும், அதற்கு முந்தைய வருடம் பாறையாக உட்கார்ந்திருந்தபோதும் தகப்பன் போகவில்லை. காலையில்தான் மனைவி போனில் போர் முரசு அறைந்திருந்தாள்:

“இந்தத் தடவையும் வரலன்னா, அங்கயே ஒரு பாலத்தக் கட்டி அதுக்கு அடியிலயே குடியிருந்துக்கங்க. சோறு வேணா பார்சல்ல அனுப்புறேன்.”

கேப்டனோ விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். கையில் போல்ட் மிஞ்சினால் பாலத்தில் எங்கோ துளை காலி. அது எங்கே என்று தெரியும்வரை யாரும் பாலத்தில் ஏறக்கூடாது, சார்ஜென்ட் ஊருக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான்.

மூண்டது பெரும்போர்! முதல் படையெடுப்பில் எண்ணியபோது இருநூற்றுப் பதினாறு துளையும் நிறைந்திருந்தன. நம்பாமல் இரண்டாம் முறை எண்ணினார்கள். எண்பத்தெட்டாவதில், எண்ணிக்கொண்டிருந்த வீரனின் காலருக்குள் ஒரு தவளை பாய்ந்து பகைவர் பக்கம் சேர்ந்துகொள்ள, இருநூற்றுப் பதினைந்து என்று வந்தது. மூன்றாம் முறை, ஆளுக்கு ஒரு பக்கமாக எண்ணிக் கூட்டியதில், இருநூற்றுப் பதினெட்டு. பொறுத்தானா நம் தலைவன்? மதம் கொண்ட களிறு குளத்தில் இறங்குவதுபோல் அகழிக்குள் குதித்து, இடுப்பளவு சேற்றில் நின்று, மீசையில் பாசியும் காதில் நீர்ப்பூச்சியுமாக, பாலத்தின் அடிவயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவினான்.

மேலே டீச்சரின் தலை தெரிந்தது.

“தம்பி, மணி நாலே முக்கால். திறப்பு விழாவுக்கு ரிப்பனைப் புடிச்சு நிக்கிற புள்ளைங்களுக்குக் கை கடுக்குதுப்பா.”

“ஒரே ஒரு போல்ட்டு, டீச்சர்.”

“இந்தக் கோட்டையக் கட்டினவன் மிஞ்சின கல்லை எண்ணிக்கிட்டு நின்னிருந்தா, இன்னும் அஸ்திவாரமே முடிஞ்சிருக்காது.”

“அவனுக்கு மேல எங்க கேப்டன் இருந்திருக்க மாட்டாரு, டீச்சர்.”

காலையிலிருந்து பாலத்தின் தலைப்பில் வண்டியை நிறுத்திப் படைக்கே டீ ஊற்றிக்கொண்டிருந்த டீக்காரம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

“ஏன் அண்ணே இவ்வளவு பாடு? எங்க வீட்டுக்காரர் மிக்ஸியக் கழட்டி மாட்டினா மூணு உருப்படி மிஞ்சும். மிக்ஸி ஜோராத்தான் ஓடுது. ஏறி வாங்க, டீ ஆறுது.”

மிக்ஸி! காட்டாறுகளின் பிடரியில் கால் வைத்தவனின் கைவேலை மிக்ஸியோடு ஒப்பிடப்பட்டது! அந்தச் சொல் வேலாகப் பாய்ந்து நெஞ்சைத் துளைத்தது. துளைத்த இடத்திலேயே ஒரு யோசனை பிறந்தது.

மணி ஐந்து இருபது. சேறு சொட்டச் சொட்ட, கடலிலிருந்து எழுந்த மலைபோல் கரையேறிய ஸ்பேனர், எண்திசையும் அதிரப் பிரகடனம் செய்தான்:

“டிரில் மிஷினக் கொண்டாங்கடா!”

“எதுக்கு சார்?”

“துளை இல்லாததாலதானடா இது மிச்சம்? துளை இருந்தா?”

எட்டு வீரரும் வாய் பிளந்து நிற்க, கைப்பிடிக் கம்பியின் நட்ட நடுவில், எந்த வரைபடமும் கனவில்கூடக் கண்டிராத இடத்தில், தீப்பொறி மழை பொழிய, தவளைகள் தலைமறைவாக, இருநூற்றுப் பதினேழாவது துளை பிறந்தது. அதில் அந்த அநாதைப் போல்ட் அரியணை ஏறியது. நட்டு முடுக்கப்பட்டது, முடுக்கிய விசையில் ஸ்பேனரின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து அகழிக்குக் காணிக்கையானது.

கேப்டன் குனிந்து பார்த்தார்.

“சார்ஜென்ட், படத்துல இங்க துளை இல்லையே?”

“இப்ப இருக்கு, சார்.”

கேப்டன் படிவத்தை எடுத்தார். துளைகள்: 217. போல்ட்டுகள்: 217. மிச்சம்: இல்லை. பெட்டியில் எத்தனை வந்தன என்று படிவம் கேட்கவில்லை. படிவம் கேட்காத எதையும் கேப்டன் வாழ்நாளில் கேட்டதில்லை. கையெழுத்து விழுந்தது. விடுப்புச் சீட்டு பையிலிருந்து வெளியே வந்தது.

“ஓடுங்க சார்ஜென்ட். மரம் காத்துட்டு இருக்கும்.”

ரிப்பன் அறுந்தது. ஊர் முழுக்கக் கோட்டையை நோக்கிப் பாலத்தில் பாய, எதிர்த்திசையில் பிரளய வேகத்தில் ஒரே ஒருவன் பாய்ந்தான். புறப்பட்டுவிட்ட பேருந்தின் படியில் அவன் தொற்றியபோது மணி ஆறு இரண்டு. சேற்று வாடை தாளாமல் மூன்று பேர் எழுந்து அவனுக்கு முழு இருக்கையையே விட்டுக்கொடுத்தார்கள்.

அவன் போனான், அவன் புகழ் நின்றது! மாலைக் கதிர் பட்டுப் பொன்னாய் ஒளிர, கூட்டம் நெரித்தும் குலுங்காமல், சிறுவர்கள் பிடித்துத் தொங்கியும் சிணுங்காமல், பேரரசுகள் சாய்ந்த மண்ணில் சாயாத ஒரே வீரனாய், யுகங்களைக் கடந்து நிற்க உறுதி பூண்டு நின்றது அந்த இருநூற்றுப் பதினேழாவது போல்ட்.

அது டீ வண்டிச் சக்கரத்தினுடையது.