மாமாவுக்குப் போதாத ஏழடி

வண்டி வாங்கப் போகிறேன் என்று மட்டும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பெண் பார்க்கப் போகிறேன் என்றால்கூட நாலு பேர் சும்மா இருப்பார்கள். வண்டி என்றால், சைக்கிள் ஓட்டத் தெரியாதவன்கூட வந்து மைலேஜ் பற்றிப் பாடம் எடுப்பான். இத்தனை பேரில் சரியான யோசனை சொன்னவர் யார் என்பது, காசைக் கட்டி வண்டி வீட்டுக்கு வந்து, பூசணிக்காய் உடைத்த பிறகுதான் தெரியும். எனக்கு அதைச் சொன்னவர் என் மாமனார். அது எனக்குத் தெரிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அரிமளத்தில் எனக்குப் பந்தல் சாமான் கடை. சாமியானா, நாற்காலி, அண்டா, குண்டான், சீரியல் லைட்டு, துக்க வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி என்று எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம் என்றாலும் கருமாதி என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். (ஒரு சாவு வீட்டுக்காரரிடம் பழக்கதோஷத்தில் 'ரொம்ப சந்தோஷம்ண்ணே, அனுப்பி வைக்கிறேன்' என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.) அடுத்தவர் வண்டியை நம்பியே ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் எடுப்பது என்று முடிவானது.

புதுக்கோட்டை ஷோரூமில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முகம் ஒன்றுதான், இன்ஜின் ஒன்றுதான். பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி மட்டும் ஒன்றுக்கு ஏழடி, இன்னொன்றுக்கு ஒன்பதடி. என் கடை இருக்கும் சந்தில் ஒன்பதடி வண்டியைத் திருப்ப முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. ஏழடி வண்டி பார்க்க லட்சணமாக இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்தால் நானும் லட்சணமாகத் தெரிவேன் என்று ஒரு நினைப்பு. அந்த வயதில் தினமும் கண்ணாடி முன் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

மாமாவைக் கூட அழைத்துப் போகச் சொன்னவள் என் மனைவி செல்வி. கந்தர்வக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் அவருக்கு முந்திரிக் கொல்லை. ஆறரை அடியைத் தாண்டிய மனிதர். டவுன் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார். முந்திரிக் கொட்டை ஏற்றிப் போகும் வண்டியிலேயே படுத்து உறங்கிப் பழகியவர். அதனால் ஷோரூமில் அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை, டயரைத் தட்டவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஏழடித் தொட்டியில் ஏறி, துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிட்டார். ஷோரூம் விற்பனையாளர் சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்.

“மாப்ள, இங்கிட்டு வந்து பாருங்க. தல கேபின்ல முட்டுது, காலு வெளிய வந்துரும்போல இருக்கு” என்றார் படுத்தபடியே.

எனக்கு மானம் போயிற்று. “மாமா, நம்ம ஏத்தப்போறது சேரும் அண்டாவுந்தான். ஆளையா படுக்க வச்சுக் கொண்டுபோகப் போறோம்?” என்றேன்.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, உங்கள் விருப்பம் என்று சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் மாமனார் 'ஒங்க விருப்பம்' என்றால், அவருக்குத் துளியும் விருப்பமில்லை என்று அர்த்தம். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏழடிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. சாமியானாவுக்கான இரும்புக் குழாய்கள் மட்டும் எப்போதும் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். மாமா அரிமளம் வரும்போதெல்லாம் அந்தச் சிவப்புத் துணியைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு தண்ணீர் கேட்பார்.

அடுத்த கோடையில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தேறி வருகிறார் என்று நினைத்திருந்த ஒரு காலை நேரம், செல்வி காப்பி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டார். அவள் தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கட்டில் பக்கத்திலேயே நின்றாள். அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து மறுநாள்தான் வந்து சேர முடியும். அதுவரை மாமாவை வைத்திருக்க வேண்டும். ஊரில் மாமியார் தனியாகக் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியின் அமரர் ஊர்தி வேறு ஊருக்குப் போயிருக்கிறது, மதியத்துக்குள் வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மாமாவின் தம்பியும் (எனக்குச் சின்ன மாமா) இரண்டு பங்காளிகளும் காத்திருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். அழுகையும் பெருமையுமாக நின்ற நான், “எங்க மாமாவ யாரோ ஒருத்தர் வண்டியில அனுப்பவா நான் கடை வச்சிருக்கேன்?” என்றேன். கூடியிருந்த பெண்கள் அதைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுதார்கள். அதற்குப் பிறகு என்னை யாராலும் தடுக்க முடியவில்லை.

கடைக்குப் போன் செய்து, இருப்பதிலேயே புதிய ஃப்ரீசர் பெட்டியை வண்டியில் ஏற்றி வரச் சொன்னேன். வழியில் மாமாவுக்கு வெயில் தெரியக் கூடாது என்று கூடவே ஜெனரேட்டரும். வாடகைக்குப் போகும்போது அந்தப் பெட்டி காலியாகத்தான் போகும். பின்கதவைத் திறந்து போட்டு, சாய்த்து, எப்படியோ கொண்டுபோய்விடுவோம். உள்ளே ஆளோடு அதைச் சாய்க்க முடியாது என்பது, மாமாவைப் பெட்டிக்குள் வைத்து, ஆறு பேர் தூக்கி, தொட்டிக்குள் தள்ளியபோதுதான் எனக்கு உறைத்தது. கேபினை ஒட்டி ஜெனரேட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பெட்டியின் பின்பக்கம் இரண்டடி வெளியே நின்றது.

எல்லோரும் அந்த இரண்டடியைப் பார்த்தார்கள். சின்ன மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். “அண்ணன் அன்னைக்கே படுத்துப் பாத்துச் சொல்லுச்சுல்ல.”

ஷோரூம் கதையை மாமா ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தலையாக இருக்கலாமா, காலாக இருக்கலாமா என்று ஒரு பங்காளி ஆரம்பித்தார். ஊரை விட்டுப் போகும்போதுதான் கால் முன்னால் போக வேண்டும், வீட்டுக்கு வரும்போது தலைதான் முன்னால் வர வேண்டும் என்றார் ஒருவர். உயிர் போன பிறகு வருவதென்ன, போவதென்ன, எல்லாம் கால்தான் முன்னால் என்றார் மற்றவர். பெட்டியை இறக்கித் திருப்பினோம். பிறகு சின்ன மாமா யாருக்கோ போன் போட்டு விசாரித்தார். மறுபடியும் இறக்கித் திருப்பினோம். ஆஸ்பத்திரி வாசலில் பழம் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா தல வெயில்ல கெடக்கு” என்றாள் செல்வி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். சாஸ்திரம் பேசிய இருவருமே ஓடி வந்து பெட்டியைப் பிடித்தார்கள். கடைசியாக ஒருமுறை திருப்பி, தலையை உள்ளே வைத்தோம். நான் பழக்கத்தில், வெளியே நின்ற முனையில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டேன். செல்வி என்னைத் திட்டவில்லை. அதை அவிழ்த்துச் சுருட்டித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அத்தனை வலித்திருக்காது.

பின்கதவு இரண்டு சங்கிலிகளில் பலகைபோல் தொங்க, அதன் மேல் பெட்டியின் முனை இருந்தது. அது நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் சின்ன மாமாவும் மறுபக்கம் ஒரு பங்காளியும் அந்தக் கதவின் மீதே உட்கார்ந்துகொண்டார்கள். (இரண்டு பேரும் சாப்பாட்டில் குறை வைக்காதவர்கள்.) உள்ளே செல்வி, அப்பாவின் தலைமாட்டில். நான் ஓட்டினேன். ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் அவள் அழுவது எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் மட்டும் தெரிந்தது. தஞ்சாவூர் சாலையில் எங்களைக் கடந்த பஸ்களில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஊர் எல்லையில் கொட்டுக்காரர்களோடு சனங்கள் எதிர்கொள்ளக் காத்திருந்தார்கள். அவர்கள் முதலில் பார்த்தது என் வண்டியின் நெற்றியில் இருந்த பலகையை. 'உங்கள் இல்லச் சுபநிகழ்ச்சிகளுக்கு அணுகவும்.' அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது அந்த நிமிடத்தில்தான். பலகையையே நினைத்துக்கொண்டு எதிரே இருந்த வேகத்தடையை விட்டுவிட்டேன்.

வண்டி ஏறி இறங்கியது. பின்னால் ஒரு சங்கிலி அறுந்தது, அடுத்த நொடி இன்னொன்று. கதவு தொங்கிவிட்டது. சின்ன மாமா தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தார். பங்காளி படுத்திருந்தார். பெட்டியின் கால்முனை சரிந்து சாலையில் ஊன்றி நிற்க, தலைமாடு மட்டும் தொட்டிக்குள் இருந்தது. அதைச் செல்வி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். பெட்டியின் கண்ணாடி மூடி உடையவில்லை. உள்ளே மாமா சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல நிமிர்ந்து, தன்னை எதிர்கொள்ள வந்து, சத்தம் கேட்டு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்த சனங்களுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கொட்டு நின்றுவிட்டது. தலை முன்னாலா, கால் முன்னாலா என்ற வழக்கு அதோடு தள்ளுபடி ஆனது. மாமா கிட்டத்தட்ட நின்றுகொண்டே தன் ஊருக்குள் வந்தார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர் ஆண்கள் பெட்டியோடு அவரைத் தோளுக்குத் தூக்கினார்கள். ஜெனரேட்டர் யாருக்கும் பயனில்லாமல் வண்டியில் ஓடிக்கொண்டிருக்க, பெட்டியின் ஒயர் தரையில் இழுபடாமல் நான் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். செத்துவிடலாம்போல இருந்தது. அந்தச் சமயத்தில் அது சொல்லத் தகுந்த சொல்லும் இல்லை.

மாமியார் வாசலில் நின்றிருந்தார். மாமாவின் நெஞ்சுக்குக்கூட வராத உயரம். மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எனக்குச் சோறு வேண்டுமா என்பதைக்கூடச் செல்வியிடம்தான் கேட்பார். நடந்ததை அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருந்தார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் கண்ணாடி வழியாக மாமாவின் பாதங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கால்ல அடி பட்டுருச்சா மாப்ள?”

“இல்லத்தே” என்றேன். கையில் பிளக்கை வைத்துக்கொண்டே ஓவென்று அழுதுவிட்டேன். மாமியார்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கருமாதி முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருக்கும்போது, இந்தச் சனியனைக் கொடுத்துவிட்டு ஒன்பதடி வண்டி எடுக்கப்போகிறேன் என்று அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மாமியார் மட்டும் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்து, இரண்டாவது தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். “விக்காதீங்க மாப்ள. ஒங்க மாமாவுக்குத்தான் பத்தல. நான் குட்டைதானே, எனக்கு இது சரியா இருக்கும்.”

முதலில் சிரித்தது சின்ன மாமாதான். பிறகு செல்வி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இந்தப் பேச்சு வராமல் பந்தி முடிவதில்லை. நெட்டையான உறவினர்கள் என்னைக் கண்டால், தங்களுக்கு ஆஸ்பத்திரி வண்டியே போதும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். சின்ன மாமா தன் இடுப்பைத் தடவிக் காட்டுவார்.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சங்கிலியை மாற்றி, பெயிண்ட் அடித்து, வருடா வருடம் எஃப்.சி. காட்டி வைத்திருக்கிறேன். மாமியாரும் நன்றாகத்தான் இருக்கிறார், முந்திரிக் கொல்லையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் இன்ஜின் வேலைக்காக வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. எப்படியோ கேள்விப்பட்டு எனக்கே போன் செய்தார்.

“வண்டி இல்லையாமே மாப்ள?”

ஒரு வாரம் ஆகும்போல இருக்கிறது அத்தை என்று பதறிப்போய்ச் சொன்னேன்.

“அதனால என்ன, மெதுவாப் பாத்து எடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.