நீரூற்று வேண்டுமா, மிகவும் வேண்டுமா?

உலகத்தில் கருத்துச் சொல்கிறவர்கள் ஏராளம். அவர்களால் பெரிய ஆபத்து இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால் தீர்ந்தது. இங்கே பேச வந்தது கருத்துக் கேட்கிறவரைப் பற்றி. அவர் உங்கள் வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, பேனா மூடியைத் திறந்து, "மனசுல இருக்கிறதை ஒளிவுமறைவு இல்லாம சொல்லுங்க" என்று ஆரம்பித்தால், அன்றைய மாலைப்பொழுது போனதுதான். உங்கள் மனதில் என்ன இருக்கிறதென்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதை உங்கள் வாயால் கேட்டுவிட்டுப் போகத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்.

நம் ஆளையே எடுத்துக்கொள்ளுங்களேன். தெருவில் அவருக்குக் கருத்துக்காரர் என்று பெயர். தேர்வுத் துறையில் முப்பத்தோரு வருடம் வினாத்தாள் தயாரித்து ஓய்வு பெற்றவர். விடையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் வெளியே அனுப்புகிற வேலை. வேலைதான் போயிற்று, பழக்கம் போகுமா?

தெருக்கோடியில் ஒரு பூங்கா. பூங்கா என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நாலு மரம், ஒரு சறுக்குமரம், சுற்றி ஒரு மண்பாதை, சரியாகச் சாத்தாத ஒரு கேட். அதில் இந்த வருடம் ஒரு வேலை செய்து தருகிறோம், ஒன்றே ஒன்று, அது என்ன என்று குடியிருப்போர் கூடிப் பேசி ஒருமனதாக எழுதி, முப்பது பேருக்குக் குறையாமல் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தரவேண்டும் என்று நகராட்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. தவறினால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். மறுபடி இங்கே முறை வர ஆறு வருடம். படிவத்தைப் படித்த நிமிடமே கருத்துக்காரர் கண்ணுக்குள் ஒரு நீரூற்று கிளம்பிவிட்டது. நடுவில் உயரமாக ஒன்று, சுற்றிலும் குட்டையாக எட்டு, மூன்று நிறத்தில் வெளிச்சம்.

"ஆனா நான் முடிவு பண்ணக் கூடாது," என்றார் மனைவியிடம். "ஜனங்கதான் முடிவு பண்ணணும்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஏங்க, அங்க சாஞ்சு உக்கார ஒரு..."

"நீ இரு. முதல்ல ஜனங்களைக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டினார்.

அந்த அம்மாவுக்கு நாலு வருடமாக முட்டி வலி. தினமும் நடந்தால்தான் முட்டி இறுகாமல் இருக்கும், நடுவில் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால்தான் மறுபடி நடக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூங்காவில் உட்கார இடமில்லை. ஒரு சுற்று போய்விட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு மாதமாக அதையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார்.

கருத்துக்காரரோ கருத்துக் கேட்பு வினாத்தாள் அச்சடிக்கப் போயிருந்தார். முதல் கேள்வியே நெற்றிப்பொட்டில் அடித்தது போல இருந்தது. 'நம் பூங்காவுக்கு நீரூற்று: அ. வேண்டும். ஆ. மிகவும் வேண்டும். இ. உடனே வேண்டும். ஈ. மேற்கூறிய அனைத்தும்.' சுதந்திரம் என்றால் இதல்லவா சுதந்திரம்!

முதல் பலி தையல்காரர். "சார், ராத்திரியில ஒரே இருட்டு. ஒரு விளக்கு போட்டா போதும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீரூற்றுக்குள்ளயே விளக்கு வருது, மூணு கலர்ல." ஆ-வில் ஒரு டிக்.

அடுத்து இரட்டைக் குழந்தைகளின் அம்மா. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. "கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்க சார். ரெண்டும் ரோட்டுக்கு ஓடுதுங்க."

"ஏன் ஓடப்போகுதுங்க? நீரூற்றைப் பாத்துக்கிட்டே நிக்குமே." இ-யில் ஒரு டிக். அந்தப் பெண் அன்று மாலையே கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, தானே சுத்தியலோடு போய் அடித்துவிட்டு வந்தார் என்பது வேறு விஷயம்.

பல் டாக்டரிடம் போனபோது நாற்காலியில் ஒருவர் வாய்நிறையப் பஞ்சோடு படுத்திருந்தார். குடிமகன் எந்த நிலையில் இருந்தால் என்ன, உரிமை உரிமைதானே? கருத்துக்காரர் குனிந்து கேள்வியைப் படித்தார். படுத்திருந்தவர் "ஆ" என்றார். ஆ என்றே பதிவாயிற்று.

மூன்றாம் நாளுக்குள் தெரு தேறிவிட்டது. பேசினால் முக்கால் மணி நேரம், பேசாமல் கையெழுத்துப் போட்டால் மூன்றே நிமிடம் என்ற ரகசியம் மாடி மாடியாகப் பரவி, அவர் தலை தெரிந்ததுமே ஆளுக்கொரு பேனாவோடு வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். நகராட்சிப் படிவத்தில் வேலை இன்னதென்று எழுதவேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. யாருக்கு என்ன கவலை?

"எங்க போடணும்?"

"உங்க கருத்து?"

"நீங்க சொல்றதுதான் சார் என் கருத்து."

கருத்துக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்திரண்டு கையெழுத்து. இத்தனை ஒற்றுமையான தெருவை அவர் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. அவருடைய கையெழுத்து அவருக்கே புரியாது. ஆகவே வினாத்தாள் காலத்திலிருந்தே அவர் நடந்துகொண்டே சொல்ல, மனைவி உட்கார்ந்து எழுதுவதுதான் வழக்கம். அன்றும் கூடத்தில் பதினாலு தடவை குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நீரூற்றின் உயரம், நிறம், தெருவின் எதிர்காலம் என்று விலாவாரியாகச் சொல்லி முடித்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். படிச்சுக் காட்டவா?"

"வேணாம், உன் எழுத்துல தப்பே வராது. எங்க போடணும்?"

மனைவி விரலை வைத்த இடத்தில் போட்டார். உறையில் இட்டு ஒட்டி, நாலே முக்காலுக்கு அவரே போய்க் கொடுத்துவிட்டும் வந்தார்.

ஆறு வாரம் கழித்து லாரி வந்தது. கருத்துக்காரர் தெருவையே திரட்டிக்கொண்டு, தேய்த்த சட்டையில் நின்றார். இரண்டு பேர் மூச்சுப் பிடித்து இறக்கியது ஒரு பெஞ்சு.

"தம்பி, தெரு மாறி வந்துட்டீங்க."

லாரிக்காரர் தாளை நீட்டினார். பழகிய எழுத்து, அழகான, தப்பே வராத எழுத்து. 'மர நிழலில், சாய்ந்து உட்காரும்படி, கைப்பிடியுடன் பெஞ்சு ஒன்று.' கீழே முப்பத்திரண்டு பேர், எல்லோருக்கும் கடைசியில் சுழித்துச் சுழித்து அவரே.

அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் முந்திக்கொண்டார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பெஞ்சுதான் வேணும்னு." பல் டாக்டர், "என் கருத்தும் அதேதான்" என்றார். குழந்தைகளின் அம்மா, "எங்க மனசை அப்படியே படிச்சிட்டீங்க சார்" என்று கும்பிட்டார். மனிதர் என்னதான் செய்வார்? "எல்லாம் ஜனங்க கருத்து" என்று முனகினார்.

கூட்டம் கலைந்ததும் மனைவி மெல்ல வந்து உட்கார்ந்து, சாய்ந்து, காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லார் பேரையும் போட்டு நீயா ஒண்ணு எழுதியிருக்கியே, யாரைக் கேட்ட?"

"நீங்க யாரைக் கேட்டீங்களோ, அவங்களைத்தான்."

கருத்துக்காரர் பொத்தென்று பக்கத்தில் உட்கார்ந்தார். "இவ்வளவு வலின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க தாள்ல அதுக்குக் கட்டமே இல்லையே."

சுரீரென்றது. உண்மையாகவே வெட்கமாகிவிட்டது அவருக்கு. மனைவியின் முட்டியைப் பார்த்தவர், வாழ்க்கையிலேயே முதல்முறையாக விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டார். "இப்ப எப்படி இருக்கு? பரவாயில்லையா, நல்லா இருக்கா, ரொம்ப நல்லா இருக்கா?"

அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்துவிட்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். இதை அப்படியே வீட்டில் இருப்பவரிடம் எடுத்துப் போய் வாசித்துக் காட்டி, "நல்லா இருக்குல்ல?" என்று கேட்கப் போகிறீர்கள், இல்லையா? தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறக்கும்வரை நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவீர்களா? இருந்துதான் பாருங்களேன்.