மூன்று மாதக் கர்ப்பமான பஸ்

செம்பட்டியைத் தாண்டி வத்தலக்குண்டு ரோட்டில் முன்பெல்லாம் அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாது. தொண்ணூற்று எட்டில்தான் அது உண்டானது. "பூச்சாமியெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்துவார், பாதி பஸ் காலியாகிவிடும். இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மாமியார்கள். கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம் இருக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் தென்னந்தோப்புக் கொட்டகையில் அருள் கிடைக்கும். புள்ளத்தாச்சி ஒரு ராத்திரி முழுக்கத் தலையில் வைத்துப் படுத்த பூவை, சடையாண்டி என்கிற பூச்சாமி வாங்கி, சந்தனம் அப்பி, அண்டாத் தண்ணீரில் விடுவார். மிதந்தால் ஆண். முழுகினால் பெண். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென்று ஸ்கேன் சென்டர்களுக்குச் சட்டம் போட்ட சர்க்கார், அண்டாவுக்குச் சட்டம் போட மறந்துவிட்டது. மிதந்த பூவுக்குத் தட்சணை வெறும் தேங்காய். முழுகிய பூவுக்குக் கருவைக் கலைக்கிற கஷாயம் உண்டு, அது இலவசமல்ல. பூக்கள் ஏன் அதிகமாக முழுகின என்று யாரும் கேட்கவில்லை.

சாமியிடம் ஒரே விதிதான். "பூ பேசும், புள்ளத்தாச்சி பேசப்படாது." இந்த விதிக்காகவே மாமியார்கள் அவரைத் தெய்வம் என்றார்கள்.

போதும்பொண்ணு நாலாவது பெண்ணாகப் பிறந்தவள். பெண் போதும் என்று கடவுளுக்குத் தெரியப்படுத்த அப்பன் வைத்த பெயர் அது. கடவுள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அவளுக்குப் பிறகும் இரண்டு தங்கைகள் பிறந்தார்கள். இப்போது அவளுக்கே இரண்டு பெண்கள், வயிற்றில் மூன்று மாதம். மாமியார் ஜக்கம்மாள் முடிவெடுத்துவிட்டாள்: பூ முழுகினால் கஷாயம். புருஷன் தங்கமுத்து தனியார் பஸ் டிரைவர். ரோட்டில் லாரிக்கே வழிவிடாதவன், வீட்டில் ஆத்தாளைக் கண்டால் ஓரம் கட்டிவிடுவான்.

போதும்பொண்ணுக்குப் பயமாக இருந்தது. பக்கத்துத் தெருப் பழனியம்மாள் போன மாதம் அந்தக் கஷாயத்தைக் குடித்தாள். ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. "நேரம் சரியில்ல" என்று ஊர் முடித்துக்கொண்டது. குடிக்க உனக்குச் சம்மதமா என்று பழனியம்மாளை யாராவது கேட்டார்களா என்று போதும்பொண்ணு விசாரித்துப் பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை.

தங்கமுத்துவின் பஸ் இரவில் ஊர் மந்தையில்தான் நிற்கும். வெள்ளிக்கிழமை விடிகாலையில் போதும்பொண்ணு அதில் ஏறினாள். முன்கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரத்தில் பாதியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டாள். தன் தலைப் பூவை எருக்குழியில் எறிந்தாள். பஸ்ஸின் பூவை வாழையிலையில் சுற்றி மாமியார் கையில் பக்தியோடு கொடுத்தாள்.

அதே பஸ்ஸில்தான் போனார்கள். தங்கமுத்துவும் கண்டக்டரும் வண்டியை நிறுத்திவிட்டுக் கூட வந்தார்கள். சாமிக்காக நிற்கிற பஸ்ஸில் நேரமாச்சு என்று சொல்ல எந்தப் பயணிக்குத் துணிச்சல் வரும்?

பூச்சாமி சரத்தை வாங்கிக் கண்ணை மூடினார். "வீட்டுல ஏற்கெனவே?"

"ரெண்டும் பொட்டப்புள்ள சாமி," என்றாள் ஜக்கம்மாள்.

"ம்." சந்தனம் அப்பி விட்டார். பூ சட்டென்று அடியில் போய் உட்கார்ந்தது.

"பொண்ணு. மூணு மாசம். தாயிக்கு ராத்திரியில கைகால் எரிச்சல் இருக்குமே?"

ஜக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஷாயத்துக்குக் கையை நீட்டினாள்.

"எரிச்சல் இல்ல சாமி," என்றாள் போதும்பொண்ணு. "மேடு ஏறுறப்பத்தான் மூச்சு வாங்குது. பின் டயரு ரெண்டும் தேஞ்சு போச்சு."

புள்ளத்தாச்சி பேசிவிட்டாள்.

"என்னடி ஒளறுற?"

"அது என் தலைப் பூ இல்ல அத்தே. ஒங்க மகன் பஸ்ஸுல தொங்குன பூ. மிச்சப் பாதி அங்கனதான் தொங்குது."

தங்கமுத்து ஓடிப் போய் எடுத்து வந்தான். போதும்பொண்ணு அண்டாவில் கைவிட்டு, முழுகிய பாதியைத் தூக்கிப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டிலும் ஒரே சிவப்பு நூல். வெட்டிய முனை பொருந்தியது. "நேத்து நாந்தேன் கட்டுனேன்," என்றான் அவன், குற்றவாளி மாதிரி.

பூச்சாமி அசரவில்லை. "அந்தப் பஸ்ஸுல புள்ளத்தாச்சி எவளாச்சும் ஏறியிருப்பா. அவ காத்து பட்ருக்கும்."

பக்தர்கள் பலர் தலையாட்டினார்கள். ஏமாறுவதற்கு மனிதர்கள் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"அப்பக் கஷாயத்த டீசல் டேங்குல ஊத்துங்க சாமி," என்றாள் போதும்பொண்ணு. "பஸ்ஸுக்குக் கலைஞ்சிரும்."

முதலில் சிரித்தது கண்டக்டர். சிரிப்பு பரவுவதற்குள் அவள் பூவில் அப்பியிருந்த சந்தனத்தை வழித்தாள். உள்ளேயிருந்து சைக்கிள் சக்கரத்துக்குப் போடுகிற இரும்புக் குண்டுகள் தரையில் உருண்டன. வெறும் பூவை மறுபடி அண்டாவில் விட்டாள். மிதந்தது.

கூட்டத்தில் பழனியம்மாளின் மாமியாரும் நின்றிருந்தாள். சின்ன மருமகளின் பூவோடு வந்திருந்தாள். "அப்ப எம் பெரிய மருமவ பூவுலயும் இதுதானாய்யா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பூச்சாமி எழுந்தார். தோப்புப் பக்கம் நழுவப் பார்த்தார். கண்டக்டர் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பஸ் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜக்கம்மாள் மருமகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அப்ப வயித்துல இருக்கிறது என்னதேன்டி?"

"தெரியாது அத்தே. எதுவா இருந்தாலும் எனக்கு வேணும். இதுதேன் கடைசி. இதுக்கு மேல வேணுமா வேணாமான்னு நாந்தேன் சொல்லுவேன்." தங்கமுத்து கண்ணாடியில் அவளைப் பார்த்தான். முதல் தடவையாக ஆத்தாளைத் திரும்பிப் பார்க்காமல் தலையாட்டினான்.

பூவைக் கேட்டார்கள். அண்டாவைக் கேட்டார்கள். வயிறும் வாயும் உள்ளவள் பக்கத்திலேயே நின்றாள். அவளை மட்டும் கேட்கவில்லை. அவளைக் கேட்பதற்கு எந்தச் சாமி உத்தரவு தர வேண்டும், மாமியார்களே, புருஷன்மார்களே? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யோசிப்பதற்குத் தட்சணை கிடையாது.