சுரங்கப்பாதை வாசல்வரை

உலகத்தில் பிள்ளை பெறத் தெரிந்த ஊர்கள் ஆயிரம் உண்டு. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு முறையாக ஆயத்தம் செய்து அனுப்பத் தெரிந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அது ஜப்பான் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஹமகுரே. இதை நான் சொல்லவில்லை. எங்கள் 'புதிய பள்ளியாண்டுக் குடும்ப ஆயத்த உதவிக் குழு'வின் ஆண்டறிக்கை சொல்கிறது. அறிக்கையை எழுதியவன் நான் என்பது வேறு விஷயம்.

குழுவில் மொத்தம் பதினாலு பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். தலைவர் கம்பாரா சான், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை வெகுகாலம் ஆண்டவர். துணைத் தலைவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் 'ஆலோசகர்கள்'. சும்மா உறுப்பினராக இருக்க எங்கள் ஊரில் ஒருவரும் சம்மதிக்கமாட்டார். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற இசோபே ஆகிய நான் செயலாளர்.

ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் குடும்பங்களுக்குத் தேவையானதையெல்லாம் செய்து தருவது எங்கள் கடமை. இந்த வருஷம் அப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று கணக்கெடுத்தோம். ஒன்று. பழைய பிள்ளைகளும் இல்லை. கடைசி இரண்டு பையன்கள் மார்ச் மாதம் ஆறாம் வகுப்பு முடித்து நடுநிலைப் பள்ளிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். பிள்ளை குறைந்துவிட்டது என்பதற்காகச் சேவையைக் குறைக்க முடியுமா? பதினாலு பேரின் அக்கறையும் மொத்தமாக நசுனா என்ற ஆறு வயதுப் பெண் மேல் இறங்கியது. தோக்கியோவில் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

பனி உருகுவதற்கு முன்பே அவளுடைய அம்மா மியோரியைக் கூட்டத்துக்கு வரவழைத்தோம்.

"கூச்சப்படாம சொல்லும்மா. என்ன வேணும் உனக்கு?" என்றார் தலைவர்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க," என்றாள் மியோரி. "நான் விடியறதுக்கு முன்னாடியே மீன் ஃபாக்டரிக்குப் போயிடறேன். அவங்கப்பா கப்பல்ல இருக்காரு. புள்ள தானா எந்திரிச்சு, வெச்சிருக்கிற சோத்து உருண்டையச் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவா. அதெல்லாம் கெட்டிக்காரி. ஆனா அந்தச் சுரங்கப்பாதை இருக்கு பாருங்க, அதுக்குள்ள தண்ணி சொட்டுற சத்தத்தக் கேட்டாலே நடுங்குறா. காலையில யாராவது கூட நடந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டா போதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

துணைத் தலைவர்கள் ஆறு பேரும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். எங்கள் குழுவில் நோட்டுப் புத்தகம் திறந்தால் விவாதம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

"தரை துடைக்கிற துணி தச்சிட்டியா?" என்று கேட்டார் துணைத் தலைவர் துகவா அம்மையார். பிள்ளைகள் வகுப்பறையைத் துடைக்க ஆளுக்கு இரண்டு துணி கொண்டுபோவது வழக்கம்.

"இல்லங்க, கடையில வாங்கிக்கலாம்னு..."

"கடையிலயா!"

ஆறு துணைத் தலைவர்களுக்கும் ஒரே நேரத்தில் மூச்சு நின்று திரும்ப வந்தது. தாய் கையால் தைக்காத துணியில் பாசம் எப்படி ஊறும், தரை எப்படிச் சுத்தமாகும்? அந்த நிமிடமே 'அவசரத் துடைதுணித் திட்டம்' ஒருமனதாக நிறைவேறியது. ஆளுக்கு இரண்டு என்று இருபத்தெட்டு துணிகள் தைத்தோம். என் துணி கொஞ்சம் கோணல். பாசம் அதிகமாகிவிட்டது என்று துகவா அம்மையாரே பாராட்டினார்.

"சுரங்கப்பாதை விஷயம்ங்க..." என்று மியோரி மறுபடி ஆரம்பித்தாள்.

"மறக்கலம்மா, மறக்கல. ரொம்ப முக்கியமான கோரிக்கை," என்றார் தலைவர். "ஆனா இது ஆயத்தக் குழு. ஆயத்தம் வீட்டு வாசப்படியோட முடிஞ்சுபோச்சு. ரோட்டுல கால் வெச்சா அது சாலைப் பாதுகாப்புக் குழுவோட வேலை. நான் முறைப்படி அவங்களுக்கு எழுதறேன்."

எழுதினார். சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் கம்பாரா சான்தான். அடுத்த வாரம் அதே மண்டபத்தில், அதே பதினாலு பேர், கைப்பட்டையை மட்டும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிக்கொண்டு கூடினோம். தலைவர் தன் கடிதத்தைத் தானே உறை பிரித்து, புருவத்தை உயர்த்தி வாசித்தார்.

"இதுக்கு முன்னாடி யாரும் இப்படிக் கேட்டதில்லையே. முன்னுதாரணம் இல்லாத காரியத்த எப்படிங்க செய்யறது?"

மிகுந்த வருத்தத்துடன் மறுப்புக் கடிதம் போனது. மறுநாள் அது கையில் கிடைத்தபோது கம்பாரா சான் உண்மையிலேயே மனம் நொந்துபோனார். "என்ன மனுஷங்க அவங்க! நம்மளால முடிஞ்சதப் பண்ணிட்டோம், அவங்க ஒத்துக்கலையே," என்றார். எனக்கே கண் கலங்கியது.

அப்போதுதான் ஆலோசகர் ஒருவர், வயது எண்பத்திரண்டு, விவரம் போதாமல் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "அட, நாமதான் தினமும் ரேடியோவுல சொல்ற உடற்பயிற்சிய முடிச்சுட்டு அந்தச் சுரங்கப்பாதை வழியா கிளினிக்குக்குப் போறோமே. பள்ளிக்கூடம் கிளினிக்குக்குப் பக்கத்துலதான இருக்கு. அப்படியே புள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டா என்ன?"

உண்மைதான். ரத்த அழுத்தம் பார்க்கவும், அதைவிட முக்கியமாக ஊரில் யாருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், பதினாலு பேரும் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் போகிறோம். அதுவும் நசுனா புறப்படும் அதே நேரத்தில். ஆனால் நிர்வாகம் தெரிந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள்.

"பக்கத்துல நடந்தா அது 'துணை' ஆயிடும்யா," என்றார் தலைவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக. "நாளைக்கு அவ கால் தடுக்கி விழுந்தா, துணைக்கு வந்த கிழவங்க என்னத்தப் புடுங்கிட்டு இருந்தாங்கன்னு கேப்பாங்க. யாரு பதில் சொல்றது, நீயா?"

எண்பத்திரண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. வீண் சந்தேகங்களைத் தவிர்க்க, இனிமேல் நாங்கள் பத்து நிமிடம் தாமதமாகப் புறப்படுவது என்று தீர்மானித்தோம். இதனால் கிளினிக் வரிசையில் முதலிடம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போய்விட்டது. தியாகம் என்றால் என்ன என்று இளைய தலைமுறை தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பள்ளி விதிப்படி பிள்ளைகள் 'குழு'வாகத்தான் நடந்து வர வேண்டும். மூத்த பிள்ளை கொடியோடு முன்னால் போகும், கடைசிப் பிள்ளை பின்னால் பார்த்துக்கொண்டே வரும். ஒரே ஒருத்தி எப்படிக் குழுவாவாள்? மூன்று கூட்டங்கள் நடத்தி வழி கண்டோம். நசுனாவையே குழுத் தலைவியாக நியமித்தோம். முன்னால் கொடி பிடிப்பவளும் அவளே, பின்னால் கவனித்துக்கொள்பவளும் அவளே. ஆறு வயதில் தலைவர் பதவி! கம்பாரா சானுக்கே நாற்பதுக்கு மேல்தான் கிடைத்தது.

சுரங்கப்பாதை வாசலில் பெரிய பலகையும் வைத்தோம். 'தைரியமாகப் போ நசுனா! ஊரே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!' எழுத்து என்னுடையது.

முதல் நாள் வந்தது. மஞ்சள் தொப்பி, ஆபத்துக்கு இழுத்தால் அலறும் கருவி, கரடி விரட்டும் மணி, முதுகுப்பைக்குள் இருபத்தெட்டு துடைதுணிகள். பாரத்தில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தபடி குழுத் தலைவி வந்தாள். பதினாலு பேரும் பலகைக்குக் கீழே வரிசையாக நின்று கொடி அசைத்தோம். வட்டாரப் பத்திரிகைக்காரர் "நல்லாக் கை அசைம்மா!" என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தார்.

நசுனா சுரங்கப்பாதை வாசலில் நின்றாள். உள்ளே மங்கலாக நாலு விளக்குகள். எங்கோ தண்ணீர் சொட்டியது. அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"தாத்தா, கூட வரீங்களா?"

கம்பாரா சான் இந்தக் கேள்விக்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். அவள் கையில் இன்னொரு கொடியைக் கொடுத்தார்.

அவள் இரண்டு கொடிகளையும் பார்த்தாள். அடுத்த நொடி அந்தக் கருவியின் கயிற்றை இழுத்துவிட்டாள். காது கிழியும் சத்தம். எங்கள் கையேட்டில் இதற்குத் தெளிவான வழிமுறை உண்டு: 'சத்தம் கேட்டவர் உடனே பள்ளிக்குத் தொலைபேசியில் தெரிவிக்கவும்.' பதினாலு பேரும் தெரிவித்தோம். ஒரே நேரத்தில் தெரிவித்ததால் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. கடைசியில் துகவா அம்மையாருக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடம் ஃபாக்டரிக்குப் போன் செய்தது.

மியோரி சைக்கிளில் வந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், உடம்பெல்லாம் மீன் வாடை. அழுது விக்கிக்கொண்டிருந்த பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"பதினாலு பேரு," என்றாள். "பதினாலு பேரு நிக்கிறீங்க! ஒருத்தருக்குக்கூடவா கால் இல்ல?"

எங்கள் எல்லோருக்கும் கால் இருந்தது. மூட்டு வலிக்காகத்தானே கிளினிக் போகிறோம். அதிர்ச்சியில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டோம். தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். முறைப்படி பத்து நிமிடம் கழித்து நாங்களும் போனோம்.

பிள்ளையைக் கொண்டுபோய் விடத் தினமும் வேலைக்கு நடுவே ஓடிவந்தால் எந்த ஃபாக்டரியில் வைத்துக்கொள்வார்கள்? மே மாதத்தில் மியோரி தன் அக்கா வீட்டோடு போய் இருந்துகொள்கிறேன் என்று நகரத்துக்குக் கிளம்பிவிட்டாள். நசுனா இரண்டு கொடிகளையும் மண்டப வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஆண்டறிக்கையில் எழுதினேன்: 'ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களின் தேவையும் நிறைவேறியது. தற்போது ஒரு கோரிக்கைகூட நிலுவையில் இல்லை.'

கோடை முடியும்போது நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளை யாரும் இல்லாததால் சுரங்கப்பாதை இனிமேல் 'பள்ளி வழி' அல்ல. ஆகவே உள்ளே விளக்குகள் எரியாது.

விளக்கு இல்லாத சுரங்கப்பாதை என்றால் என்ன என்று அதற்குள் போனவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் போகவில்லை. பதினாலு பேரின் மாத்திரைகளும் தீர்ந்துகொண்டிருந்தன. துணைக்கு ஓர் ஆள் அனுப்பும்படி நகராட்சிக்கு மனுப் போட்டோம். ஓர் இளம் அதிகாரி வந்தார். இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நல்ல வளர்ப்பு, பார்த்த உடனே தெரிந்தது.

"ஆள் அனுப்பறதுக்கு முன்னுதாரணம் இல்லீங்க. ஆனா உங்கள வெறுங்கையோட விட்டுடுவமா?"

பெட்டியைத் திறந்தார். பதினாலு மஞ்சள் தொப்பிகள், பதினாலு கரடி மணிகள். ஏணி போட்டு ஏறி, எங்கள் பலகையில் நசுனாவின் பெயர் இருந்த இடத்தில் 'பெரியோர்களே' என்று எழுதிய தாளை ஒட்டினார். வாசலில் வரிசையாக நின்றோம். உள்ளே தண்ணீர் சொட்டியது. கம்பாரா சான் கையில் நசுனா விட்டுப்போன கொடி இருந்தது.

"தம்பி," என்றார் தலைவர், அதுவரை நான் கேட்டிராத குரலில். "நீங்க கூட வரீங்களா?"

"நல்லாக் கை அசைங்க தாத்தா!" என்று அதிகாரி கேமராவைத் தூக்கினார். "என்னை அடையாளம் தெரியலையா? நான் இந்த ஊர்ப் பையன்தாங்க. முதல் நாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தம் பண்ணி அனுப்பினதே உங்க குழுதான்."