நிலவறைக்கு வந்த பாயாசம்

பௌதிகத்தில் நான் முதல் வகுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். புகுந்த வீடு ரொம்பப் பழையது. கூடத்துக்குக் கீழே ஒரு நிலவறை, பதினோரு படி இறங்க வேண்டும். மலையிலிருந்து வரும் ஏலக்காய் மூட்டைகளை அங்கேதான் அடுக்குவார்கள். வெளிச்சம் படாவிட்டால் காயின் பச்சை மாறாதாம்.

நான் வந்த நாலாம் மாதம், ஐப்பசியில், அடைமழை பிடித்துக்கொண்டது. மாமனாரும் என் கணவரும் மலைத் தோட்டத்தில் இருந்தார்கள். போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து, ஜீப் எதுவும் இறங்கவில்லை. வீட்டில் என் மாமியாரும் நானும்தான். காலையில் நிலவறைக் கதவைத் திறந்தால், சுவரெல்லாம் ஊறிக் கணுக்கால் அளவு தண்ணீர். பலகை மேல் எட்டு மூட்டைகள். அந்த வருஷத்துக் காய் முழுவதும் அதுதான். ஈரப் படியில் தூக்கிவர எங்கள் இருவராலும் ஆகாது. தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறினால் போச்சு.

"வெரசா வாளியக் கொண்டா. எறச்சு ஊத்திருவோம்" என்றார் மாமியார்.

"வாளி எதுக்கு அத்தை? செடிக்குத் தண்ணி விடுற ரப்பர் குழாய் இருக்கே. ஒரு முனையக் கீழ போட்டு, மறு முனைய வாசச் சாக்கடையில போட்டா தண்ணி தானா போயிரும்."

"தண்ணி தானா மேல ஏறுமா?"

"ஏறும் அத்தை. காத்தோட அழுத்தம் தள்ளிவிடும்."

"அந்த ஆளு எப்ப வருவாரு?"

(கிண்டல் என்று இப்போது தெரிகிறது. அன்று பொறுமையாகப் பாடம் நடத்தினேன்.)

குழாயில் தண்ணீர் நிரப்பினேன். ஒரு முனையை நிலவறையில் அமுக்கிவிட்டு, மறு முனையைப் பெருவிரலால் அடைத்தபடியே வாசலுக்கு ஓடி, நிரம்பி ஓடிய சாக்கடைக்குள் விட்டேன். குழாய் வாயருகே தண்ணீர் சுழித்தது.

"பாத்தீங்களா, எப்படிக் கொட்டுது!"

(உறிஞ்சும்போதும் அப்படித்தான் சுழிக்கும். பரீட்சையில் இதைக் கேட்கவில்லை.)

வெற்றிக் களிப்பில் இரண்டு டம்ளர் காபி குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து மாமியார் நிலவறையை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஏத்தா, நம்ம நெலவறையில யாரு பாயாசம் காச்சுனது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர். அதன் மேல் ஜவ்வரிசியும் சேமியாவும் மிதந்தன. எதிர் வீட்டில் அன்று பெண்ணுக்குப் பரிசம் போட்டிருந்தார்கள். சமையல்காரர் பாயாச அண்டாவைக் கழுவிச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறார். மேட்டிலிருக்கும் சாக்கடை, பள்ளத்திலிருக்கும் நிலவறைக்குள் என் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அது முன்னாடியே கெடந்திருக்கும்" என்றேன். (வேறென்ன சொல்வது?)

மாமியார் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தெருவில் நின்று குரல் கொடுத்தார். பரிச வீடே திரண்டு வந்தது. பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படிக்கு ஒருத்தியாக நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாலாம் படியில். குடம் குடமாகத் தண்ணீர் மேலே ஏறியது. ஆண்கள் மூட்டைகளைத் தூக்கினார்கள்.

நான் வரிசையில் நிற்கவில்லை. தப்பு என்னுடையதல்ல, தெருவுடையது என்று அப்போதுதான் உறைத்தது. வாசல் மேடு, ஆனால் கொல்லைக்குப் பின்னால் ஓடை, நிலவறைத் தரையைவிடப் பள்ளம்! குழாயை அந்தப் பக்கம் இழுத்தேன். எட்டவில்லை. புது மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, எதிர் வீட்டுக் குழாயையும் கொண்டுவரச் சொன்னேன்.

"அக்கா, மறுபடியுமா?" என்றார் பாவம். ஆனாலும் கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்துத் துணியால் இறுகக் கட்டி, தண்ணீர் நிரப்பிப் போட்டோம். ஓடையில் தண்ணீர் பீய்ச்சியது. இந்த முறை கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

"அத்தை, போகுது! நெசமாவே போகுது!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மூட்டை நனைந்து கெட்டிருந்தது. அன்று மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்த மூன்று மூட்டைக்கு மட்டும்.

பாதை திறந்து மாமனார் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படிச்ச புள்ள சரியாத்தான செஞ்சிருக்கு. தண்ணிய மேட்டுலருந்து பள்ளத்துக்கு விட்டிருக்கு."

"மாமா, கொல்லையில போயிப் பாருங்க" என்றேன்.

போனார். ரொம்ப நேரம் நின்று பார்த்தார். வந்து சாப்பிட உட்கார்ந்தார். அந்த மழைக்காலம் முடியும்வரை குழாயை எடுக்க யாரையும் விடவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் பாயாசம் பரிமாறினால் யாராவது, "இது எந்த வழியா வந்துச்சு?" என்று கேட்காமல் இருப்பதில்லை. பேரப்பிள்ளைகள்வரை பரவிவிட்டது.

"முன்வாசல் வழியா வந்துச்சு, பின்வாசல் வழியா வெளிய போச்சு. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க" என்பேன். சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளர் வாங்கிக்கொள்வேன்.